வெளியே தொட்டால் மூடிக்கொள்வது

இதற்கு முகம் கிடையாது.
நிறம், விளிம்பு, எழுத்தின் பருமன்
எதுவும் இல்லை.
நாற்பத்தொரு வரியில் ஒரே ஒரு குணம்:
தான் குடியிருக்கும் வீட்டுக்கு வெளியே விரல் பட்டால்
விரிந்த பட்டியலை மூடிவிடு.

முதலில் துறைமுகத்து ஏலச் செயலிக்காக எழுதினேன்.
வஞ்சிரம், சங்கரா, நெத்திலி, பாறை என்று
விலைப்பட்டியல் விரிந்தால் மடங்காமல் நின்றது.
ஐஸ் நீர் சொட்டும் கட்டைவிரலால்
குப்புராஜ் எங்கெங்கோ குத்திப் பார்த்துவிட்டு
"வாயைத் திறந்தா மூட மாட்டேங்குதும்மா இது" என்றார்.
மூடவைத்தேன்.

மறுவாரம் அதே குணத்தை
ஆஸ்பத்திரி டோக்கன் பலகை கேட்டது.
பிறகு மின்கட்டணப் பக்கம்.
பிறகு ஒரு கல்யாண மண்டபத்தின் தேதிப் பெட்டி.
ஒவ்வொன்றிலும் வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவளை
அமலோற்பவம் கையைப் பிடித்து நிறுத்தினாள்:
"குணத்தைக் கொண்டுபோய்
பொத்தானுக்குள்ள ஏன் புதைக்கிற?
தனியா எடு. யார் கேட்டாலும் கொடு."

கூடு விட்டுக் கூடு பாய்தல் என்று சொல்லலாம்தான்.
ஆனால் இது பழைய கூட்டை விடுவதில்லை.
ஒரே நேரத்தில் ஒன்பது கூடு.

எனக்கு அது பிடிபட்டது பஸ்ஸில்.
அப்போது கடலூரிலிருந்துதான் வந்துபோவேன்.
டிப்போ எந்த வண்டியைத் தள்ளிவிட்டாலும்
கண்டக்டர் தெய்வீகன் சட்டைப்பையில் அதே விசில்.
ஒன்று, நில்.
இரண்டு, போ.
வண்டிக்கு விசிலைத் தெரியாது,
விசிலுக்கு வண்டியின் பெயின்ட் தெரியாது.
முள்ளோடையில் மாநிலமே மாறும்.
ஒன்று நில், இரண்டு போ.

இறங்கியதும் எழுதி முடித்தேன்.
ஒட்டிக்கொள்ளும்போது என்ன செய்வது
என்று சொல்லியிருந்தேன்: காது வை.
பிரியும்போது என்ன செய்வது
என்று சொல்லவில்லை.

சாயங்காலமானால் குப்புராஜின் போன்
கடலை வறுக்கிற சட்டியாகச் சுட்டது.
திறந்து பார்த்தால்,
பட்டியல்களைத் திரை எப்போதோ கழற்றி எறிந்திருக்க
அவற்றின் காதுகள் மட்டும் அங்கேயே தொங்கிக்கொண்டு
ஒவ்வொரு தொடுதலுக்கும்
இல்லாத வாயை மூடிக்கொண்டிருந்தன.
எண்ணினோம்.
அறுநூற்றுப் பன்னிரண்டு.

"வீட்டைக் காலி பண்ணினவன்
ஃபேனை ஓடவிட்டுப் போன மாதிரி" என்று
அமலோர் மேஜையில் தட்டிச் சிரித்தாள்.
ஒரு வரி சேர்த்தேன்:
வீடு போனால் காதை எடு.
போன் ஆறிவிட்டது.

அன்றைக்கு மணி ஏழுகூட ஆகவில்லை.
பேச்சு நடுவிலேயே நான் எழுந்துபோய்
ரெட்டியார்பாளையத்து ஆபீஸ் மாடியின்
மூன்று ஜன்னலையும் சாத்தி,
கொக்கி மாட்டி,
துப்பட்டாவைச் சுருட்டி இடுக்கில் திணித்துவிட்டு
வந்து உட்கார்ந்திருக்கிறேன்.
"எதுக்குடி? காத்து நல்லாத்தானே வருது?"

குடிகாட்டில் வளர்ந்தவள் நான்.
காற்று தொழிற்பேட்டைப் பக்கமிருந்து திரும்பும் நேரம்
மூக்கு சொல்லும் முன்னே கை எழுந்துவிடும்.
அம்மா உலையை இறக்கிவிட்டு ஓடுவாள்,
நான் வடக்கு ஜன்னல், தம்பி கூடத்து ஜன்னல்,
யாரும் யாரையும் ஏவியதில்லை.
அந்த வீட்டை விட்டுப் பதினாலு மாதம்.
அட்வான்ஸ் பணம்கூட
சுண்ணாம்புக்குப் பிடித்தது போகத் திரும்பி வந்துவிட்டது.

கொக்கியைக் கழற்றினேன்.
கீழே பரோட்டாக் கல்லில் கரண்டி தாளம் போட,
எதிர்வீட்டு நாய் யாரையோ திட்டிக்கொண்டிருந்தது.
கை என்னமோ ஜன்னல் பக்கமே பார்த்தபடி
மடியில் கிடந்தது.

அமலோர் திரையைத் திருப்பினாள்.
ஏதோ பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டுக்கு
அதே குணம் வேண்டுமாம்.
கொடுத்தேன், இப்போது நாற்பத்திரண்டு வரி.

இடுக்கில் இருந்த துப்பட்டாவை
மறுநாள் பெருக்க வந்த ரோசாரி உருவி எடுத்து
நாலாக மடித்து
என் நாற்காலியில் வைத்திருந்தாள்.