ஏழாயிரத்து இருநூறு

களியக்காவிளைக்குத் தெற்கே, றப்பர் விளையை ஒட்டி
ஓட்டு வீடு. வாடகை ஏழாயிரத்து இருநூறு.
நாலாக வகுத்தால் ஆயிரத்து எண்ணூறு,
மீதி வராது.
மீதி வராத கணக்கென்றால்
லில்லிபுஷ்பத்துக்கு உயிர். வங்கியில் இருந்தவள்.

இதற்கு முன் ஒன்பது வீடு கேட்டோம்.
ஆண் துணை இல்லையா என்றார்கள் ஐந்தில்.
மூன்றில், மாத்திரைச் சீட்டைக் கண்டதும்
மகன் கத்தாரிலிருந்து வருகிறான் என்றார்கள்.
ஒன்றில் நாய் இருந்தது. ஓமனாதான் வேண்டாம் என்றாள்.

ஸ்டான்லிதாஸ் ஒன்றே ஒன்று கேட்டார்:
"கிணற்றுக்கு வலை போடட்டுமா?"
ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தோம்.
போடுங்கள் என்றேன்.
வலைக்கான காசை அட்வான்சோடு வாங்கிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் பதினொரு வருடம்
விளக்கை நான் அணைத்ததே இல்லை.
இங்கே சுவிட்ச் என் கட்டிலுக்குப் பக்கம்.
முதல் வாரம் முழுக்க
போட்டேன், அணைத்தேன், போட்டேன்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை,
சுபைதா மட்டும் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

ஓமனாவிடம் பேசுகிறவர்கள் மலையாளத்தில் பேசுவார்கள்.
என்னிடம் பேசுகிறவன் தமிழ்.
பத்து மாதமாகச் சன்னமாகத்தான் பேசுகிறான்,
அடுத்த வீட்டு ரேடியோ மாதிரி.
இரு தரப்புக்கும் செக்போஸ்ட்டில் சோதனை கிடையாது.

சுபைதா பீவியிடம் யாரும் பேசுவதில்லை.
ஆடி முழுக்கச் சுவரைப் பார்த்துக் கிடந்தாள்.
குளி என்று சொல்லவில்லை.
அவள் பங்குச் சோற்றை மூடி வைத்தோம்,
விடிந்ததும் காக்கைக்கு வைத்தோம்.
ஆவணியில் ஒரு மத்தியானம் எழுந்து வந்து
"சாளைக்குப் புளி போதாது" என்றாள்.

ஐப்பசி மழையில் ஓரிரவு ஓமனா இல்லை.
கதவு ஆடிக்கொண்டிருந்தது.
முதலில் கிணற்றுக்கு ஓடினேன்,
வலைமேல் றப்பர் இலைகள் மட்டும்.
பஸ் ஸ்டாண்டில், திருவனந்தபுரம் வண்டி நிற்குமிடத்தில்
நைட்டியோடு உட்கார்ந்திருந்தாள்.
"எந்த ஆஸ்பத்திரி?" என்றார் போலீஸ்காரர்.
"வீடு" என்றாள் லில்லிபுஷ்பம்.
"யார் வீடு?"
"வாடகை வீடு சார். ரசீது இருக்கு."

விடிந்ததும் ஸ்டான்லிதாஸ் வந்தார்.
காலி பண்ணச் சொல்வார் என்று
சுபைதா அதற்குள் பாதிப் பாத்திரத்தைக் கட்டிவிட்டாள்.
றப்பர் ஷீட் காயப்போட இடம் பார்க்க வந்தேன் என்றார்,
அந்த மழையில்.
கட்டன்சாயா குடித்தார். போனார்.

ஆட்டோவுக்கு நூற்றைம்பது.
என் பெயரில் எழுது என்கிறாள் ஓமனா.
லில்லிபுஷ்பம் கேட்கவில்லை, நாலாக வகுத்தாள்:
முப்பத்தேழரை.
அரை ரூபாய்க்கு இப்போது எங்கே போவது
என்று சண்டை, இன்று மூன்றாம் நாள்.