செவுளில் வெள்ளைப் புள்ளி

காசிமேட்டில் விடியுமுன்
செவுளைத் தூக்கித் தூக்கிப் பார்த்து
வெள்ளைப் புள்ளி விழுந்த மடவையாகப் பொறுக்குகிறேன்.
முதல் மாதம் தனபாக்கியம் சிரித்தாள்,
சும்மாவே கொடுத்தாள்.
இப்போது தனிக் கூடை வைத்திருக்கிறாள்:
"சீக்கு மீனு, கிலோவுக்கு நாப்பது ரூபா கூட."
பில் கேட்டால் முறைக்கிறாள்.
கணக்கில் 'ஆய்வு மாதிரி' என்று எழுதிக்கொள்கிறேன்.

ஏசி ஒழுகும் வாளிக்குப் பக்கத்தில் நுண்ணோக்கி.
கட்டியொன்றைக் கீறினால்
புள்ளிக்குள் ஆயிரம் வித்து,
வித்துக்குள் இரண்டு உறை,
உறைக்குள் சுருண்டு கிடக்கும் நூல்.
ஆறு சுற்றா, ஏழா?
அதை எண்ணத்தான் சம்பளம்;
மூன்று மாதமாய் அதுவும் வரவில்லை.

மெரினாவில் கால் நனைப்பவர்களைச் சுடுமே சொறி,
அதற்குத் தூரத்துச் சொந்தம் இது.
வாயை விட்டது.
வயிற்றை விட்டது.
நரம்பை எந்தத் தலைமுறையில் உதிர்த்ததோ.
கொட்டுவதற்கிருந்த நூலை மட்டும்
பற்றிக்கொள்ள ஆகுமென்று
மடித்து வைத்துக்கொண்டது.

நேற்று ராத்திரி, கரண்ட் போய் வந்த பிறகு,
யூரியாக் கரைசல் ஒரு துளி விட்டேன்.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு ஒரே ஒரு வித்து
ஏதோ புழுவின் குடலென்று நம்பி
இருந்த நூலையெல்லாம் வெளியே எறிந்தது.
நூல் கண்ணாடியில் முட்டி நின்றது.

நீண்டபின் எத்தனை சுற்று என்று
யாராலும் சொல்ல முடியாது.
ஏட்டில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டேன்.
மூன்று முறை சோப்புப் போட்டும்
ஷேர் ஆட்டோவில் பக்கத்துப் பெண்
சற்றே நகர்ந்து உட்கார்ந்தாள்.