வியாழனுக்கு எத்தனை கிலோ

மேலிருந்து வந்தது ஒற்றை வரி.
மார்ச்: அறுபத்தீராயிரம் கிலோ.
ஓல்டன் நகரில், ஆரே ஆற்றங்கரையில்,
நான்கு மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகளை
வெளுத்துத் தரும் ஆலையின் மூன்றாம் மாடியில்
அதை நாட்களாக உடைப்பது என் வேலை.

அறிக்கைக்கு மாதம் புரியாது.
அதற்கு நாளுக்கொரு வரிசை வேண்டும்,
நாளுக்கொரு பச்சை, இல்லையென்றால் சிவப்பு.

தேதி அட்டவணையோடு இணைத்தேன்.
ஒரு வரி முப்பத்தொன்றாய் விரிந்தது,
மடித்த விரிப்பை
இருவர் முனை பிடித்து உதறியது போல.
வகுத்தால் நாளுக்குச் சுளையாக இரண்டாயிரம்.
அழகான எண்.
ஆனால் ஞாயிறுகளில் ஆலை பூட்டிக் கிடக்கும்.
ஐந்தையும் கழித்தேன்.
இருபத்தாறால் வகுக்க
இரண்டாயிரத்து முந்நூற்று எண்பத்து நான்கு,
மிச்சம் பதினாறு கிலோ.
பதினாறும் பெற்று வாழ்க என்று
மாதக் கடைசி நாளின் தலையில் அதைக் கட்டிவிட்டு
கணினியை மூடினேன்.

ஆறாம் தேதி, வியாழன்: சிவப்பு.
பதின்மூன்றாம் தேதி, வியாழன்: சிவப்பு.
"இலக்கை விடத் துணி குறைவு" என்றார் இம்ஹோஃப்.
மணிக்கூலிக்காரர் ஆறு பேரை
இரண்டு மணிக்கே வீட்டுக்கு அனுப்பினார்.
ஜன்னலில் பார்த்தேன்.
பேருந்து நிறுத்தத்தில் அஸ்மெரெத்,
கையுறை கழற்றிய விரல்களை ஒவ்வொன்றாய் மடித்து
எதையோ எண்ணிக்கொண்டிருந்தாள்.
வாடகையா, காப்புறுதியா.
அவளுக்கும் மாதம் ஒற்றை வரியாகத்தான் வரும்.
உடைப்பது அவள் பாடு.

துணி குறையவில்லை.
வியாழனுக்கு நான்தான் அதிகம் எழுதியிருந்தேன்.

தெரியாமல் செய்தேன் என்றும் சொல்ல முடியாது.
கீழே, அழுக்குத் துணி பிரிக்கும் கூடத்தில்
மூன்று வருடம் நின்றவள்.
ஞாயிறு என்று காய்ச்சல் விடுப்பு எடுப்பதில்லை.
பனிக்குடம் நாள் பார்த்து உடைவதில்லை.
எல்லாம் சேர்ந்து திங்கள் காலை ஆறு மணிக்கு
கூண்டு கூண்டாய் உருண்டு வரும்.
செவ்வாய் இரவு வரை வடியாது.
வியாழன் வந்தால்தான் பட்டை ஓடும் சத்தம் தணியும்,
முதுகை நிமிர்த்துவோம்,
பக்கத்தில் நிற்பவளின் பெயர் காதில் விழும்.
இதையெல்லாம் மறக்க
மாலை நேரப் படிப்பு இரண்டு வருடமும்
சுழலும் நாற்காலி ஒன்றும் போதுமாக இருந்திருக்கிறது.

கிழமைகளுக்குத் தனி அட்டவணை போட்டேன்.
திங்களுக்கு மூவாயிரத்து நானூறு.
வியாழனுக்கு ஆயிரத்து எழுநூறு.
சனிக்கு அதைவிடக் கொஞ்சம் கூட, மற்றவை நடுவில்.
பழைய எடைச் சீட்டுகளோடு ஒத்துப் பார்த்தேன்.
மாதத்தைக் கூட்டினேன்: அறுபத்தீராயிரம்.
மிச்சமே இல்லை.
அதுதான் பயமாக இருந்தது.
இன்னும் இரண்டு தரம் கூட்டினேன்.

"இந்த விகிதம் எங்கிருந்து வந்தது?"
"மூன்று வருடத் தரவு."
இம்ஹோஃப் சீட்டுகளைப் புரட்டினார், தலையாட்டினார்.
என் வலது தோள்பட்டையை அவர் கேட்கவில்லை,
நானும் காட்டவில்லை.

இருபதாம் தேதி, வியாழன்.
ஆயிரத்து எழுநூற்றுப் பன்னிரண்டு. பச்சை.
இரண்டு மணிக்கு எட்டிப் பார்த்தேன்,
நிறுத்தத்தில் ஒரு சைக்கிள் மட்டும் சாய்ந்திருந்தது.
அஸ்மெரெத்துக்கு இது எதுவும் தெரியாது.
மாலையில் மின்தூக்கியில் பார்த்தபோது
வேலை எப்படி என்று கேட்டேன்.
"வியாழன் தானே" என்றாள்.

முப்பதாம் தேதி வரிசையில் சுழியம்.
அன்று அதிகாலை இரண்டு மணி மூன்றாகத் தாவும்.
ஆலை இருட்டில் கிடக்கும்.
தொலைந்த அந்த ஒரு மணியை
யார் கூலியிலும் கழிக்க வேண்டியதில்லை.
ஆற்றுக்கு அப்பால், நான்காம் மாடி அறையில்,
யாரோ ஒருத்திக்கு விரிப்பு நனையும்.
அது அடுத்த வரிசையில் சேரும்.