ஒப்பீட்டு ரத்தம்

ஆராவ் மருத்துவமனையின் நிலவறை.
ஜூன் மாதம், வெளியே ஆரே பெருகி ஓடுகிறது.
பதினான்கு குழாய்கள்.
இடமிருந்து வலமாக உப்பு குறைந்துகொண்டே போகும்,
கடைசியில் வெறும் தண்ணீர்.

பையனுக்கு ஆறு வயது, கண்ணில் மஞ்சள்.
அவன் அணுக்கள் பந்தாய் உருண்டவை,
விரிந்து கொடுக்க ஒரு மடிப்புகூட மிச்சமில்லை.
ஐந்தாவது குழாயிலேயே
நீர் சிவந்துவிட்டது.

பக்கத்தில் வைத்துப் பார்க்க நல்ல ரத்தம் வேண்டும்.
வழக்கமாகக் கொடுக்கும் ரெகுலாவுக்கு இன்று விடுப்பு.
என் கையையே நீட்டினேன்.

எட்டு தெளிவு.
ஒன்பது, பத்து தெளிவு.
பதினொன்றிலும் அடியில்
குங்குமப் பொட்டாய் ஒட்டிக்கொண்டு
கரைய மாட்டேன் என்கிறது.

டாக்டர் பியூர்கி கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்:
"உங்களை ஒப்பீடாக வைக்க முடியாது, மிஸ் தர்ஷாயினி.
அநேகமாகத் தலசீமியாக் கூறு. பயப்பட ஒன்றுமில்லை."

நாற்பத்தோரு வருடம் தெரியாமல் சுமந்திருக்கிறேன்
தொளதொளத்த சட்டைக்குள் ஒல்லி உடம்புகளை.
சரக்கு குறைவு. அதனால்
வெள்ளத்துக்கும் உள்ளே இடமிருக்கிறது.

நிறைகுடம் தளும்பாது, சரிதான்.
நேரே உடைந்துவிடுகிறது.

பையனின் ஐந்தாவது குழாயை
வெளிச்சத்தில் இன்னொரு முறை பார்த்தேன்.
சோதனையைத் திரும்பச் செய்ய
யாராவது சாதாரண ஆள் வேண்டும்.
லிஃப்டில் ஒவ்வொருவர் முழங்கையாகப் பார்த்துக்கொண்டே
மேலே போனேன்.