ஜோடி பிரித்தல்

வெலிங்டன் ஏலத்தில் எடுத்த லாரி.
பச்சையைச் சுரண்டினால் உள்ளே மணல் நிறம்.
பின்னால் பக்கத்துக்கு இரண்டிரண்டு டயர்;
மஞ்சூர்ச் சேறு இடுக்கில் புகுந்தால்
கடப்பாரைதான்.
"ஜோடியைப் பிரிச்சிரு" என்றார் போஜன்.

ஹாரிஸ் பிரித்தான்.
நடுவே சிக்கியிருந்தது ஒரு வெள்ளைக் கல்,
இந்த மலையில் கிடையாதது.
சுத்தியலால் தட்டி எடுத்தவன்
அதையே முன்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தான்.

நெஞ்சுயர ஒற்றை டயர்,
குன்னூர் லேத்தில் துளையிட்ட டிஸ்க்.
மட்கார்டை நாலு விரல் அறுத்தும்
இடப்பக்கம் உரசியது.
இன்னும் ஒரு விரல்.

முட்டைக்கோஸ் ஏற்றி எமரால்டு வரை.
முள் முப்பதிலேயே நிற்கிறது,
மினிபஸ்ஸை முந்தியாயிற்று.
"மீட்டர் பொய் சொல்லுதே?"
ஹாரிஸ் பீடியை அணைத்தான்.
"பட்டாளத்துல இருந்த வண்டி.
போன தூரத்தை
முழுசாச் சொல்லாது."