ஒன்பதரை மணிக் கரி

கொஜிமாவில், ஜீன்ஸ் ஆலையின் மூன்றாம் தளத்தில்
பதினெட்டு வருடமாய்த் தையல் பிழை தேடுகிறேன்.
சோப்புக்கு மசியாத நீலம் நகக்கண்ணில்.
கிரியாட்டினின் மூன்று புள்ளி இரண்டு என்ற அன்று
டாக்டர் ஹிராகுஷி அந்த விரலைத்தான் பார்த்தார்.
"இந்த நீலத்தின் பங்காளி ஒருவன்
உங்கள் ரத்தத்தில் இருக்கிறான்."

மீனோ முட்டையோ,
தின்றதில் ஒரு துணுக்கைக்
குடலில் குடியிருப்பவை கடித்து இண்டோல் ஆக்குமாம்.
கல்லீரல் அதற்கு வேறு சட்டை மாட்டிவிடும்.
சிறுநீரகம் வழியனுப்ப வேண்டும்.
என்னுடையது வாசலைப் பாதி சாத்திவிட்டது.
போகவேண்டியவன் உள்ளேயே சுற்றுகிறான்,
மிச்சக் கதவையும் அரித்தபடி.

அந்தக் காலத்தில் சிறுநீரில் அமிலம் ஊற்றுவார்களாம்,
நீலம் எழுமாம்.
சிரித்துவிட்டேன்.
ஆலை கூலி கொடுத்துச் செய்விப்பதை
வயிற்றுக்குள் சும்மாவே செய்கிறார்கள்!

மருந்தென்று தந்தது கரி.
கடுகிலும் சிறிய உருண்டைகள்,
பொட்டலத்துக்கு இரண்டு கிராம், நாளுக்கு மூன்று.
மாவுத்தாளில் சுருட்டி, நனைத்து, விழுங்க வேண்டும்.
தாள் கிழிந்தால்
பல்லிடுக்கெல்லாம் ஆற்றுமணல்.
ரத்தத்துக்குள் போகாது அது.
இண்டோலைக் குடலிலேயே மடக்கிக்கொண்டு
வந்த வழி பாராமல் வெளியேறும்.
ஆளறியாத பசி அதற்கு,
ரத்த அழுத்த மாத்திரையையும் கவ்விவிடும்;
இடையில் ஒரு மணி நேரமாவது விட வேண்டும்.

"இது நிறுத்திவிடுமா?"
"சிலருக்குத் தள்ளிப்போகிறது. சிலருக்கு இல்லை.
நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது."
தெரியாது என்பதை அவர் மென்று விழுங்கவில்லை.

ஏப்ரலில் வயிறு கல்லாய் இறுகியது.
பொட்டலங்களை இழுப்பறையில் போட்டு மூடினேன்.
யாரிடமும் சொல்லவில்லை.
ஒன்பதாம் நாள் ஷிகேஹிரோ,
டிவியிலிருந்து கண்ணெடுக்காமல்,
"இருபத்தேழு மிச்சம்" என்றார்.
எண்ணியிருக்கிறார்.

மறுநாள் சோற்றில் பார்லி கலந்திருந்தது.
முகம் சுளித்தேன்.
"உனக்கில்லை, அவங்களுக்கு" என்று
என் வயிற்றைக் கரண்டியால் காட்டினார்.
நார் கிடைத்தால் மீனைக் கொஞ்சம் விட்டுவிடுவார்களாம்;
ஆஸ்பத்திரித் தாளில் படித்தாராம்.
முப்பது வருடத்தில் இந்த மனிதர்
விருந்தாளிக்குச் சமைத்தது இதுவே முதல் தடவை.

இரவு ஒன்பதரை.
தெருமுனையில் துணி லாரி பின்வாங்கும் பீப் ஒலி.
பொட்டலத்தைக் கிழிக்கிறேன்.
வெள்ளை உறையில் என் கட்டைவிரல்
நீலமாய்ப் பதிகிறது, இன்று வந்த துணியின் சாயம்.
உள்ளே கோடிக்கணக்கானவர்கள்
பார்லி தின்றுகொண்டிருக்கிறார்கள்.
யார் கட்சி என்று
இன்னும் சொல்லவில்லை.