பதினாலு களைக்கொத்து

உள்ளே போகும்போது பதினாலு.
வெளியே வரும்போது பதினாலு.
காவலர் முனிரத்தினம்
பிடியைத் தொட்டுத் தொட்டு எண்ணுவார்,
பட்டியில் ஆடு எண்ணுகிற மாதிரி.
பதிவேட்டில் என் கையெழுத்து:
வேளாண்மை, மூன்றாம் ஆண்டு, சனிக்கிழமைக் குழு.

தருமபுரி புறவழிச்சாலையில்
கிரானைட் லாரி போனால் அதிர்கிற சுவர்.
சுவருக்கு இந்தப் பக்கம் கூர்நோக்கு இல்லத்தின் எட்டு சென்ட்.
செம்மண், தழைச்சத்து குறைவு
என்றது எங்கள் பரிசோதனை அறிக்கை.
கல்லைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை.
முதல் இரண்டு வாரம் கல்தான் பொறுக்கினோம்.

பையன்கள் பெயரை எங்கும் எழுதக் கூடாது.
படம் எடுக்கக் கூடாது.
என்ன செய்துவிட்டு வந்தாய் என்று கேட்கக் கூடாது.
அதனால் பாத்திக்கொரு குச்சி நட்டுப்
பயிரின் பெயரை எழுதினோம்.
ஒரே வாரத்தில் அது ஆளின் பெயராகிவிட்டது.
டேய் அவரை, குடத்தை எடு.
முள்ளங்கிக்குக் காய்ச்சல்க்கா, இன்னிக்கி வரல.

பலகையில் பயிர்களின் வயதை எழுதிப்போட்டேன்:
கீரை இருபத்தைந்து நாள்
முள்ளங்கி நாற்பத்தைந்து
கேழ்வரகு நூற்றைந்து.
என் வகுப்பில் அந்தப் பட்டியலை
யாரும் இப்படிப் படித்ததில்லை,
உதடு அசைய, விரல் மடக்கி,
அடுத்த விசாரணைத் தேதியோடு கூட்டிக் கழித்து.
கீரைக்கு அடிதடி.
கேழ்வரகை ஒருத்தன்தான் கேட்டான்,
அஞ்செட்டிப் பக்கம், பாதி கன்னடம்.
"கேவுரு எனக்கு. எனக்கு நாள் இருக்குது."

நாலாவது சனிக்கிழமை
பதின்மூன்று.
முனிரத்தினம் மறுபடி எண்ணினார்.
பதின்மூன்று.
எனக்கு ஐந்தரை பஸ் போய்விடுமே என்றிருந்தது.
கதவை மூடும்போது திரும்பிப் பார்த்தேன்.
யாரும் சொல்லாமலே வரிசையில் நின்று
சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

மூன்று வாரம் எங்களுக்கு அனுமதியில்லை.
கீரையெல்லாம் முற்றிப் பூத்துவிட்டது.
கடைசியாக வேலை நடந்தது கேழ்வரகுப் பாத்தி என்பதால்
கேழ்வரகுக்கு ஒரு மாதம் போன் கிடையாது.
அவன் அம்மா ஓசூரில் ரோஜாக் கொட்டகைக் கூலி,
ஞாயிறு மட்டும் கை ஓய்வு.
இதை அவன் சொல்லவில்லை, அவரை சொன்னான்.
அவன் சொன்னது இவ்வளவுதான்:
"தண்ணி யாரும் ஊத்தலக்கா. ஆனா காயல பாரு."

புதிதாக ஒன்று வாங்கிக்கொடுத்து
எண்ணிக்கையைச் சரிசெய்தோம்.

கதிர் பால் பிடித்த வாரம் அவன் போய்விட்டான்.
தேதி முன்னாலேயே வந்ததாம்,
நாள் இருக்குது என்றவனுக்கு.

நூற்றேழாம் நாள் முள்ளங்கியும் புதுசாக வந்த இரண்டு பேரும் அறுத்தார்கள்.
தூற்றி அளந்ததில் பதினோரு கிலோ, கொஞ்சம் பதர்.
அடுத்த பயிருக்கு வரப்போரம் கொத்தினபோது
டங் என்றது.
கல் என்றுதான் நினைத்தோம்.

மக்குக்குழி.
இலைதழை போட்டு மண் தள்ளி
அன்றைக்கு அவசரமாக மூடியது நான்.
ஐந்தரை பஸ்.
துருவேறி, பிடி செல்லரித்து,
என் கைப்பிடியில் நான் சுற்றியிருந்த
பச்சை டேப் மட்டும் அப்படியே.

உள்ளே போகும்போது பதினாலு.
வெளியே வரும்போது பதினைந்து.
"பழசும்மா, வெளிய போட்டுட்டுப் போ,
பதிவேட்டுல எதுக்கு" என்றார் முனிரத்தினம்.
முள்ளங்கி என்னைப் பார்க்கவில்லை,
டேப்பைப் பார்த்தான்.

அஞ்செட்டியில் எந்தத் தெரு, யார் வீடு?
கேட்டால் சொல்லமாட்டார்கள்.
சொல்லக் கூடாது. சரிதான்.
ஒரு தானியத்தின் பெயரை வைத்துக்கொண்டு
எந்தக் கதவைத் தட்டுவது?

பதிவேட்டை வாங்கிப்
பழைய பக்கம் புரட்டினேன். நாலாவது சனிக்கிழமை.
காணாமல் போன பொருள்: ஒன்று.
பொறுப்பாளர் என்ற கட்டத்தில்
பென்சிலால் ஒரு கோடு மட்டும் இருந்தது.
அங்கே எழுதலாம்.
என் பெயருக்குத் தடையில்லை.

பேனா எழுதவில்லை.
முனிரத்தினம் தன்னுடையதைத் தந்தார்.